மாலத்தீவில் அம்மாவின் அடுப்புப் புகை

மாலத்தீவு போய் வந்தேன் என்று சொன்னால் போதும், 'கடல் தண்ணிக்கு மேலேயே ரூம் கட்டி விட்டிருக்கானாமே, தங்கினீங்களா?' என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். தங்கவில்லை சார். அதற்கு டாலரில் சம்பளம் வாங்க வேண்டும். என் மச்சினன் அங்கே பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தான். 'அத்தான், டிக்கெட் மட்டும் போடுங்க, சாப்பாடும் பாயும் என் பொறுப்பு' என்றான். 2019 பிப்ரவரியில் கிளம்பினேன்.

தலைநகர் மாலேயிலிருந்து வடக்கே ஹனிமாதூ தீவுக்குக் குட்டி விமானம். ஜன்னலோரம் இடம் பிடித்து, நீலக்கடல் பார்க்கலாம் என்று மூக்கை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கீழே நீலம்தான். ஆனால் அடிவானத்தில் பழுப்பாக ஒரு பட்டை. கண்ணாடி அழுக்கு என்று கர்சீப்பால் துடைத்தேன். போகவில்லை. என் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன். அப்போதும் போகவில்லை.

இறங்கியதும் மச்சினனிடம் கேட்டேன்.

"அது நம்ம ஊர்ச் சரக்கு அத்தான். நாளைக்குக் காட்டுறேன்" என்றான்.

ஹனிமாதூ நம்மவர்களுக்குப் பிடிக்கிற தீவு. படகுக்குப் பெயர் தோணி. நம்ம மாசிக் கருவாடு இந்த நாட்டுச் சமாசாரம்தான். காலையில் மீனும் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பிசைந்து ரொட்டியோடு தருகிறார்கள். மூன்றாவது ரொட்டிக்கு மேல் எண்ணவில்லை. நாடு முழுக்க நாய் வளர்க்கத் தடை. ராத்திரி பத்து மணிக்குக் கையில் கல் இல்லாமல் தெருவில் நடந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

மறுநாள் தீவின் வடகோடிக்கு சைக்கிளில் போனோம். தென்னைகளுக்கு நடுவே ஒரு கோபுரம், பக்கத்தில் சின்னக் கட்டடம். வானிலை ஆய்வகம். கோபுர உச்சியில் காற்றை உறிஞ்சிக் குழாய் வழியே கீழே கொண்டுவருகிறார்கள். ஒரு கருவி நாள் முழுக்க சூரியனையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அங்கே வேலை பார்த்த இளைஞர் ஒருவர், அம்மாவின் வைத்தியத்துக்காகத் திருவனந்தபுரத்தில் இரண்டு மாதம் இருந்தவர். ஆங்கிலமும் மலையாளமும் கலந்து அடித்தார். இரண்டு வடிதாள்களைக் காட்டினார். ஒன்று ஆகஸ்டில் எடுத்தது. தென்மேற்குக் காற்று, வெறும் கடல் காற்று. தாள் கிட்டத்தட்ட வெள்ளை. இன்னொன்று அந்த வாரம் எடுத்தது. குளிர்காலத்தில் காற்று வடகிழக்கிலிருந்து, அதாவது நம்ம பக்கமிருந்து அடிக்கும். அந்தத் தாள் கரிச்சட்டியின் அடி மாதிரி இருந்தது.

"இது உங்களுடையது" என்று சிரித்தபடி என்னிடம் நீட்டினார். என்னமோ வாடகை பாக்கிக்கு நோட்டீஸ் வாங்குகிற மாதிரி இருந்தது எனக்கு.

இந்தப் புகை மண்டலத்தை முதன்முதலில் பெரிய அளவில் துருவிப் பார்த்தது 1999-ல். 200-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள், விமானங்கள், நம்ம 'சாகர் கன்யா' உள்ளிட்ட கப்பல்கள், செயற்கைக்கோள்கள் எல்லாம் களம் இறங்கின. தலைமை தாங்கிய இருவரில் ஒருவர் நோபல் பரிசு பெற்ற பால் குரூட்சன். இன்னொருவர் வீரபத்ரன் ராமநாதன். மதுரையில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் என்ஜினீயரிங் படித்தவர். மாலேக்கு வடக்கே காஷிதூ என்ற தீவில் கருவிகளை நிறுத்தினார்கள்.

அவர்கள் போட்ட கணக்கை ரூபாயில் சொன்னால் எனக்கே புரிகிறது. வெயிலாக பூமியின் உச்சிக்கு வந்து சேர்வது, இரவு பகல் சராசரியாக, சதுர மீட்டருக்கு சுமார் 340 வாட். 340 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 100 ரூபாயை மேகமும் காற்றும் பனியும் தரையும் அப்படியே திருப்பி அனுப்பிவிடும். மீதி 240-ஐ வாங்கிக்கொள்கிற பூமி, அதே 240-ஐ வெப்பமாக வெளியே கட்டிவிட்டால் வரவும் செலவும் சரி. நாம் விட்ட கரியமில வாயு அந்தக் கட்டுத்தொகையில் 2 ரூபாய் சொச்சத்தைப் பிடித்து வைக்கிறது. அதனால்தான் சூடு ஏறுகிறது.

இதில் தூசும் புகையும் எங்கே வருகின்றன? துகளில் இரண்டு சாதி. நிலக்கரி, கப்பல் எண்ணெயில் இருக்கும் கந்தகம் எரிந்து உண்டாகும் சல்பேட் துகள் வெள்ளை வேட்டி மாதிரி. வெயிலைத் திருப்பி அனுப்பும். விறகு, சாணம், டீசல் புகையிலுள்ள கரி, சித்திரை வெயிலில் வக்கீல் போடும் கறுப்பு கோட்டு மாதிரி. வெயிலைக் குடித்துச் சூடேறும். மேலே செயற்கைக்கோளும் கீழே காஷிதூ கருவியும் ஒரே நேரத்தில் அளந்தபோது, எஸ்.கே. சதீஷும் ராமநாதனும் 2000-ல் ஒரு விசித்திரத்தைச் சொன்னார்கள். உச்சியில் குறைவது கொஞ்சம்தான். கடல் மட்டத்தில் விழும் துண்டு அதைப்போல சுமார் மூன்று மடங்கு. மிச்சத்தை நடுவில் இருந்த கரி விழுங்கியிருந்தது. புரோக்கர் கமிஷன்!

சந்தேகம் தீர 2006 மார்ச்சில் இதே ஹனிமாதூவிலிருந்து மூன்று ஆளில்லாக் குட்டி விமானங்களை ஒன்றின் மேல் ஒன்றாக, புகைக்கு மேலே, உள்ளே, கீழே பறக்கவிட்டார்கள். அந்தப் பழுப்புப் புகை, வெயிலால் கீழ்வளி சூடாவதை சுமார் 50 சதவிகிதம் கூட்டியிருந்தது.

"இது நம்ம சரக்குன்னு எப்படிச் சொல்றாங்க? பெயர் எழுதியா இருக்கு?" என்று கேட்டேன்.

எழுதியிருக்கிறதாம். மரத்திலும் சாணத்திலும் கதிரியக்கக் கரி கொஞ்சம் இருக்கும். பெட்ரோலிலும் நிலக்கரியிலும் அது கோடிக்கணக்கான வருஷத்தில் தீர்ந்துபோயிருக்கும். இங்கேயும் புனே அருகே சிங்ககட்டிலும் சேகரித்த குளிர்காலக் கரியைச் சோதித்து, 2009-ல் முடிவு சொன்னார்கள். பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குவரை விறகு, சாணம், சருகு எரித்து வந்தது.

எனக்கு சுருக்கென்றது. ஊரில் அம்மா இன்னமும் சீமைக்கருவேல விறகில்தான் வெந்நீர் போடுகிறாள். கேஸ் சிலிண்டர் 'விருந்தாளி வந்தா மட்டும்'.

அன்று சாயங்காலம் கடற்கரையில் உட்கார்ந்திருந்தோம். அலை காலைத் தொட்டது. இந்த நாட்டின் சராசரி உயரம் கடல் மட்டத்துக்கு ஒன்றரை மீட்டர்தான். 2009-ல் மந்திரிகள் தண்ணீருக்கடியில் போய் மீட்டிங் போட்டு உலகத்துக்குக் காட்டிய ஊர்.

"அப்ப புகையை நிறுத்திட்டா இவங்க தப்பிச்சுருவாங்கல்லா?" என்றேன்.

"அங்கதான் அத்தான் சிக்கல். எல்லாத் துகளையும் கூட்டிக் கழிச்சா, உலகத்துக்கு அது குடை. புகையால ஜனங்க சாகுறாங்க, அதனால நிறுத்தித்தான் ஆகணும். ஆனா மழை பெஞ்சா ஒரு வாரத்துல குடை கரைஞ்சுரும். கரியமில வாயு நூத்துக்கணக்கான வருஷம் உக்காந்திருக்கும்."

"குடை எவ்வளவு பெரிசு?"

அவன் சிரித்தான். ஐ.நா. விஞ்ஞானிகள் குழு 2021-ல் சொன்ன கணக்கு: துகள்கள் மறைக்கும் சூடு 1.1 வாட், ஆனால் அது 0.4 ஆகவும் இருக்கலாம், 1.7 ஆகவும் இருக்கலாம். (அன்று அவன் சொன்னது அதற்கு முந்தைய கணக்கு. அதிலும் இதே இழுபறிதான்.) மேகம்தான் காரணம். ஒவ்வொரு துகளைச் சுற்றியும் நீர்த்துளி சேர்ந்து மேகம் வெளுக்கிறது. எவ்வளவு வெளுக்கிறது என்று அளப்பதற்குள் மேகம் கலைந்துவிடுகிறது. கல்யாணத்துக்கு 400 பேரும் வரலாம், 1700 பேரும் வரலாம் என்றால் சமையல்காரர் எத்தனை படி அரிசி போடுவார்? நம்ம சமாசாரம் சாம்பார் அல்ல, கடல் மட்டம்.

ஊர் திரும்பியதும் வெந்நீர் அடுப்புக்கு மேலே ஒரு வெள்ளைக் கைக்குட்டையைக் கட்டித் தொங்கவிட்டேன். மறுநாள் எடுத்து அம்மாவிடம் நீட்டினேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வழக்கமான இருமல் இரண்டு இருமினாள். "இதையா நான் அம்பது வருஷமா மூச்சா இழுத்தேன்?"

வருஷத்துக்கு லட்சக்கணக்கான பேரை வீட்டுப் புகை கொல்கிறது என்ற உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கைச் சொல்ல வாயெடுத்தேன். அவசியமில்லை. அன்றே வெந்நீர் கேஸுக்கு மாறிவிட்டது. குடை, கரி கதை எல்லாம் அப்புறம்தான் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அம்மா கேட்டாள்:

"என் அடுப்பை அணைச்சுட்டே, சரி. அது கறுப்புக் கோட்டு, போகட்டும். அந்த வெள்ளை வேட்டிக்காரனும் போயிட்டா வெயில் கூடும்கியே, அப்ப முதல்ல அந்த ரெண்டு ரூபாய் சொச்சத்தை அமுக்கி வச்சிருக்கவனைப் பிடிக்க வேண்டாமா?"

ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஐ.நா. சபையில் உட்கார வேண்டியவள், எங்கள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறாள்!