விளக்கு மங்குவது எதனால்?

இரவில் செல்லும் வண்டிக்கு முகப்பு விளக்கு இரண்டு பணிகளைச் செய்கிறது. ஓட்டுபவனுக்குப் பாதையைக் காட்டுகிறது. எதிரே வருபவனுக்கு ஓட்டுபவனைக் காட்டுகிறது. முதற்பணி குறைந்தால் ஓட்டுபவன் உடனே உணர்ந்துகொள்வான். இரண்டாம் பணி குறைந்தால், அவன் உணருமுன் காரியம் முடிந்துவிடக்கூடும். ஆகவே விளக்கு மங்குகிறது என்பது வண்டிக்காரனின் சொந்த அசௌகரியம் மட்டுமன்று. சாலையில் செல்லும் பிறருக்கு அவன் செலுத்த வேண்டிய கடனில் விழுந்த குறை என்றும் சொல்ல வேண்டும்.

எங்கள் கல்மண்டபம் பகுதியில் இந்தக் கடனின் கனம் அதிகம். ஒரு பக்கம் துறைமுகம். மறுபக்கம் காசிமேட்டு மீன்பிடித் துறை. வடக்கே திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர் என்று ஆலைகளின் வரிசை. தென்னிந்தியாவின் முதல் இரயில் 1856ஆம் ஆண்டில் இராயபுரம் நிலையத்திலிருந்து புறப்பட்ட நாள் தொட்டு, இந்தக் கடலோரம் சரக்கு உறங்காத ஊராகவே இருந்து வருகிறது. கண்டெய்னர் ஏற்றிய நீண்ட லாரிகள் இரவு முழுவதும் ஓடும் சாலையில், மங்கிய விளக்குடன் ஓர் இருசக்கர வண்டி செல்வது எத்தகைய துணிச்சல் என்பதை இங்கு வாழ்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இங்குள்ள பழைய வண்டிகளுக்கு மற்றுமோர் எதிரியும் உண்டு, அது கடற்காற்று. உப்பும் ஈரமும் கலந்த அந்தக் காற்று, கண்ணுக்குத் தெரியும் இரும்பைத் துருவாக்குவதோடு நிற்பதில்லை. ஒயரின் உறைக்குள் புகுந்து செம்பையும் பச்சை பூக்கச் செய்துவிடும். இரும்பின் துருவை எல்லாரும் பார்க்கிறார்கள். செம்பின் பச்சையை யார் பார்க்கிறார்கள்?

எங்கள் குடும்பத்தில் 1974ஆம் ஆண்டுப் புல்லட் ஒன்று இருக்கிறது. துறைமுகத்தில் சரக்குக் கணக்கராக இருந்த என் அத்தா அதைத் தவணையில் வாங்கினார். அது நம் ஊர் வண்டி என்ற பெருமை அவருக்கு எப்போதும் உண்டு. 1955ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் கைகோத்து, 'என்ஃபீல்டு இந்தியா' என்ற பெயரில் தொழில் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. தொடக்கத்தில் கடல் கடந்து வந்த உறுப்புகளைப் பூட்டிக்கொண்டிருந்த கைகள், பின்னர் அந்த உறுப்புகளையே இங்கு வார்க்கவும் கடையவும் கற்றுக்கொண்டன. 1967இல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. தாய்வீடு பூட்டப்பட்ட பின்னும் மகள் வீட்டில் அடுப்பு எரிவதைப்போலத் திருவொற்றியூரில் புல்லட் பிறந்துகொண்டே இருந்தது.

அத்தா மறைந்த பிறகு அந்த வண்டி எங்களிடம் ஓர் அமானிதமாக வந்து சேர்ந்தது. இப்போது அதை ஓட்டுபவன் என் தங்கையின் மகன். எண்ணூர்ப் பக்கத்து ஆலை ஒன்றில் வேலை பார்க்கிறான். இரவு முறையும் உண்டு. சில மாதங்களாக முகப்பு விளக்கு மங்கி எரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு நாள் நள்ளிரவில் எர்ணாவூருக்கு அருகே வலப்புறம் வண்டியைத் திருப்பியபோது விளக்கு அறவே அணைந்துவிட்டது. எதிரே வந்த லாரிக்காரர் கடைசி நொடியில் கண்டு நிறுத்தினார். அதிகாலையில் வீடு திரும்பியவனின் முகத்தைப் பார்த்தே தங்கைக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"அண்ணே, அத்தாவோட வண்டிதான், இல்லேன்னு சொல்லல. ஆனா எனக்கு எம்புள்ள வேணும். வித்துடுங்க" என்றாள்.

அந்தச் சொல்லுக்கு என்னிடம் மறுமொழி ஏது? சரியாகும்வரை இரவில் வண்டியை எடுப்பதில்லை. ஒரு மாதத்திற்குள் சரியாகாவிட்டால் விற்றுவிடுவது என்று முடிவாயிற்று.

பட்டறைகள் சிலவற்றிற்குக் கொண்டு சென்றோம். ஓரிடத்தில் பல்பை மாற்றினார்கள். மற்றோரிடத்தில் பாட்டரியை மாற்றினார்கள். மூன்றாமிடத்தில், ஒயர் முழுவதையும் அறுத்தெறிந்துவிட்டுப் பெரிய ஹாலஜன் விளக்குப் போட்டால்தான் வெளிச்சம் வரும் என்றார்கள். மூவரும் ஏதோ ஒன்றை மாற்றவே முனைந்தார்களேயொழிய, குறை எங்கே இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. மாற்றுவது வேறு, கண்டறிவது வேறு.

இறுதியில் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு முதிய மேஸ்திரியைப் பற்றிக் கேள்விப்பட்டு அவரிடம் போனோம். அறுபது ஆண்டுகளாகப் புல்லட்டுடன் பழகியவர். கை நடுங்குகிறது, கண் மட்டும் நடுங்கவில்லை. நான் பள்ளியில் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்று அறிந்ததும் சிரித்தார்.

"நல்லதாப் போச்சு பாய். கணக்கு நீங்க போடுங்க. இடத்த நான் காட்டறேன்."

அந்தக் கணக்கை வாசகர்களும் அறிந்துகொள்வது நல்லது. அக்காலத்து வண்டிகளில் 6 வோல்ட் மின்னமைப்பே வழக்கம். 35 வாட் பல்பு 6 வோல்ட்டில் எரிய வேண்டுமானால் ஏறக்குறைய 6 ஆம்பியர் மின்னோட்டம் தேவை. அதே பல்பு 12 வோல்ட் வண்டியில் இருந்தால் அதில் பாதியே போதும். 1827ஆம் ஆண்டில் ஜெர்மானிய ஆசிரியர் ஓம் வெளியிட்ட விதிப்படி, 6 ஆம்பியர் செல்லும் பாதையில் பத்தில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தால் 0.6 வோல்ட் வழியிலேயே செலவாகிவிடும். மொத்தத்தில் அது பத்து விழுக்காடு. ஆனால் வெளிச்சத்தில் குறைவது பத்து விழுக்காடன்று. ஏறத்தாழ முப்பது விழுக்காடு! இழைப் பல்பின் இயல்பு அது. மின்னழுத்தம் சிறிது சரிந்தால் ஒளி பெரிதும் சரிந்துவிடும். ஆகவே பழைய வண்டியில் விளக்கு மங்கினால், முதலில் ஐயுற வேண்டியது பல்பையன்று, வழியை.

மேஸ்திரி எஞ்சினை உதைக்கவில்லை. நன்கு மின்னேற்றிய பாட்டரியைப் பூட்டி, விளக்கைப் போட்டு, அது எரிந்துகொண்டிருக்கும்போதே மீட்டரை எடுத்தார். பாட்டரி முனைகளில் 6.2 வோல்ட். பல்பின் முனைகளில் 4.7 வோல்ட். இடையில் 1.5 வோல்ட் எங்கோ ஒழுகிப் போயிருந்தது. அந்த நிலையில் பல்பு தரக்கூடிய ஒளி, முழு 6.2 வோல்ட்டும் கிடைத்தால் தருவதில் ஐந்தில் இரண்டு பங்கே.

பிறகு அவர் செய்ததுதான் வித்தை. மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நேர்முனையிலும் மறுமுனையைப் பல்புக்கு மின்சாரம் வந்து சேரும் இடத்திலும் வைத்தார். 0.4 வோல்ட் காட்டியது. போகும் வழியில் ஏற்பட்ட இழப்பு அது. அடுத்து, பாட்டரியின் எதிர்முனையிலும் பல்பு ஹோல்டரின் உடலிலும் வைத்தார். 1.1 வோல்ட், திரும்பி வரும் வழியின் இழப்பு. இரண்டும் சேர்ந்து 1.5. கணக்கு ஒரு மயிரிழையும் பிசகவில்லை. எல்லாரும் போகும் வழியையே ஆராய்ந்தார்கள்; பெருங்குறையோ திரும்பும் வழியில், அதாவது எர்த்தில், இருந்தது.

"முன்னே பார்த்தவர்கள் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்து, லைன் சரியாக இருக்கிறது என்றார்களே, மேஸ்திரி?" என்று கேட்டேன்.

"அந்தச் சின்ன பல்பு எவ்வளவு கரண்ட் இழுக்கும் பாய்? இடிஞ்ச பாலத்துல ஆட்டுக்குட்டி போகும், லாரி போகுமா?" என்றார்.

பாடநூல் ஒன்றில் ஒரு பக்கம் எழுதி விளக்க வேண்டியதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். சிறிய சோதனை விளக்கு அரை ஆம்பியர் அளவே இழுக்கும். அதற்கு அந்தத் தடை ஒரு பொருட்டன்று. ஆகவே பளிச்சென்று எரிந்து, எல்லாம் நலம் என்று பொய்ச்சாட்சி சொல்லும். கால் ஓமுக்கும் குறைந்த இத்தகைய தடையைச் சாதாரண மீட்டரின் ஓம் அளவையும் நம்பத்தக்க வகையில் காட்டுவதில்லை. சுமை ஏறியிருக்கும்போது அளந்தால்தான் உண்மை வெளிப்படும்.

திரும்பும் வழியை மூன்று துண்டுகளாக அளந்தார். பல்பு ஹோல்டரிலிருந்து முகப்பு உறை வரை 0.1 வோல்ட், முகப்பு உறையிலிருந்து சட்டம் வரை 0.9, சட்டத்திலிருந்து பாட்டரி வரை 0.1. குறை நடுத்துண்டில் இருந்தது. திறந்து பார்த்தால், முகப்பிலிருந்து சட்டத்திற்குச் செல்ல வேண்டிய எர்த் ஒயரே இல்லை. ஏதோ பழைய பழுதுபார்ப்பின்போது யாரோ துண்டித்து விட்டிருக்கிறார்கள். மின்சாரம் வேறு போக்கின்றி, கைப்பிடித் தண்டின் கழுத்திலுள்ள இரும்புக் குண்டுகளையும் கிரீசையும் கடந்து, தட்டுத் தடுமாறித் திரும்பிக்கொண்டிருந்தது!

அணைந்துபோன குறை இன்னும் மிச்சமிருந்தது. மீட்டரைப் போகும் வழியில் பொருத்திவிட்டு, கைப்பிடியை மெதுவாக இடப்புறமும் வலப்புறமும் திருப்பச் சொன்னார். வலக்கோடியில் விளக்கு அணைந்தது. மீட்டரின் முள் 0.4இலிருந்து பாட்டரியின் முழு அழுத்தத்திற்குத் தாவியது. வழி அறுபடுகிறது என்பதற்கு அதுவே சான்று. கழுத்தருகே ஒயர்க் கட்டு இறுகக் கட்டப்பட்டிருந்தது. வண்டி திரும்பும்போதெல்லாம் அதே இடத்தில் மடிந்து மடிந்து, உறை முழுதாக இருக்க, உள்ளே பதினான்கு இழைகளில் மூன்றைத் தவிர மற்றவை அற்றுப்போயிருந்தன. அற்ற முனைகளில் பச்சை பூத்திருந்தது. மருமகன் அந்த ஒயரைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உயிர் தொங்கிய மூன்று இழைகள் அல்லவா அவை!

பழுது நீக்க ஆன பொருள்கள் மிகச் சில. சற்றுத் தடித்த புதிய ஒயர் ஒன்று, கைப்பிடி திரும்பும்போது இழுபடாதபடி சிறிது தொய்வு விட்டு. பல்பு ஹோல்டரிலிருந்து சட்டம் வரை தனியான எர்த் ஒயர் ஒன்று, வண்ணப்பூச்சைச் சுரண்டிப் பளபளக்கும் இரும்பில் முறுக்கி, மேலே கிரீஸ் பூசி. ஒயர் நுழையும் துளையில் புதிய ரப்பர் வளையம். டிம்மர் சுவிட்சின் உள்முனைகளுக்குத் துப்புரவு. பாட்டரியில் 6.2 வோல்ட் இருக்கையில் பல்பில் 5.9 வோல்ட் வந்து சேர்ந்தது. இழப்பே இல்லாத நிலையின் ஒளியில் ஆறில் ஐந்து பங்கு கிடைத்துவிட்டது. 6 வோல்ட் வண்டியில் அது நல்ல வெளிச்சம்.

பெரிய ஹாலஜன் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 60 வாட் விளக்கு 6 வோல்ட்டில் 10 ஆம்பியர் கேட்கும். பழைய வண்டியின் சிறு மின்னாக்கியால் அதை ஈடுகட்ட முடியாது. எஞ்சினின் தீப்பொறிக்கும் அதே பாட்டரிதான் ஆதாரம். ஆகவே சிறிது தூரத்தில் விளக்கோடு எஞ்சினும் நின்று, நடுச்சாலையில் வண்டி இருளாக நின்றிருக்கும். இக்காலத்து எல்.இ.டி. விளக்கு குறைந்த மின்சாரத்தில் எரியும் என்பது உண்மையே. ஆனால் இழைப் பல்புக்காக வடித்த கண்ணாடிக் குழியில் அதைப் பொருத்தினால், ஒளி குவிய வேண்டிய இடத்தில் குவியாமல் சிதறி, எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யலாம். எதைப் போட்டாலும், அறுந்த எர்த்தும் இற்ற இழைகளும் இருந்த இடத்திலேயே இருந்தால் குறை தீர்ந்ததாகாது.

பழைய வண்டி வைத்திருப்போர் மனத்திற்கொள்ள வேண்டியவை சிலவே. விளக்கு மங்கினால் பொருளை மாற்றுமுன் வழியை அளக்க வேண்டும். எரியும்போதே அளக்க வேண்டும். போகும் வழியோடு திரும்பும் வழியையும் அளக்க வேண்டும். கைப்பிடியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். கடலோரத்தில் வாழ்பவர்கள் ஆண்டுக்கொரு முறையாவது இணைப்புகளைப் பிரித்துத் துடைத்துப் பூட்ட வேண்டும்.

புறப்படும்போது மேஸ்திரி கூலியாகச் சிறு தொகைதான் பெற்றுக்கொண்டார். தம் மீட்டரை மருமகனிடம் நீட்டி, ஒவ்வொரு துண்டையும் அவனையே மீண்டும் அளக்கச் சொன்னார். இரண்டு முறை தடுமாறியவன் மூன்றாம் முறை சரியாகச் சொன்னான். தங்கையிடம் அவன் அன்றிரவு பேசியது வண்டியை வைத்துக்கொள்வது பற்றியன்று. குறை எங்கே இருந்தது, எப்படித் தெரிந்தது, இனி வராமல் எப்படிக் காப்பது என்பதைப் பற்றி. முழுவதையும் கேட்டுவிட்டு, சாவியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள் அவள். புது விளக்கைக் கண்டு அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. மகனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று கண்டபோதுதான் வந்தது.