நான்கெல்லைக்குள் அடங்கும் எழுத்து

கிரயப் பத்திரத்தைக் கதைபோல முதலிலிருந்து கடைசிவரை படிப்பவர் அரிது. வாங்கியவரே ஒருமுறை வாசிக்கக் கேட்டுவிட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார். நாற்பது ஆண்டு கழித்து அது வெளியே வரும்போது, வங்கியின் வக்கீல் மூலத்தைத் தேடுவார், சர்வேயர் அளவைத் தேடுவார், பங்காளி கிணற்றுப் பாகத்தைத் தேடுவார். ஒவ்வொருவருக்கும் வேண்டியது ஒரு பகுதிதான். அது எங்கே இருக்கும் என்று பார்க்காமலே தெரிய வேண்டும். பத்திர எழுத்து ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருப்பதற்கு இதுவே காரணம்.

இந்த அச்சு பழையது. சோழர் கால நில ஆவணங்களில் கீழ்பாற்கெல்லை இன்ன வாய்க்காலுக்கு மேற்கு, தென்பாற்கெல்லை இன்ன வழிக்கு வடக்கு என்று கிழக்கில் தொடங்கி வலமாகச் சுற்றி வந்து, இந்தப் பெருநான்கெல்லையில் அகப்பட்ட நிலம் என்று முடிப்பார்கள். மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும் சேர்த்தே கொடுத்ததாகச் சொல்வதும் அப்போதைய வழக்கம். எழுதுவதற்கு முன் எல்லையை நடந்து பார்த்தார்கள். முதலாம் ராஜராஜன் காலத்தில் நாகப்பட்டினத்துச் சூளாமணிவர்ம விகாரத்துக்கு ஆனைமங்கலம் கொடுக்கப்பட்டதைச் சொல்லும் செப்பேடுகள் இன்று லெய்டன் செப்பேடுகள் எனப்படுகின்றன. பெண் யானையை நடத்தி எல்லையைச் சூழ்ந்து வந்ததையும், கல்லும் கள்ளியும் நட்டதையும் அவை பதிவு செய்கின்றன. யானை நடந்த பிறகுதான் எழுத்தாணி எழுதியது.

1792இல் சேலம், பாரமகால் பகுதிகள் கிழக்கிந்தியக் கும்பெனி வசம் வந்தன. கும்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழிருந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து குடியானவர் பெயரில் தீர்வை விதித்தார்கள். பின்னர் வந்த சர்வேக்களில் வயலுக்கு எண் கிடைத்தது. பதிவுச் சட்டம் முதலில் 1864இல் வந்தது. இன்று நடப்பில் இருப்பது 1908ஆம் ஆண்டுச் சட்டம். நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்துக் கிரயத்தை அதன் 17ஆம் பிரிவு கட்டாயப் பதிவுக்குக் கொண்டுவந்தது. எழுத்தின் வடிவத்தை மாற்றியவை வேறு இரண்டு பிரிவுகள். சொத்தை அடையாளம் காணும் அளவுக்கு விவரம் இல்லாத ஆவணத்தைப் பதிவுக்கு ஏற்கக்கூடாது என்கிறது 21ஆம் பிரிவு. இடைச்செருகல், வெற்றிடம், அடித்தல், திருத்தல் ஆகியவற்றுக்கு எழுதிக்கொடுத்தவர் கையொப்பமோ சுருக்கொப்பமோ இல்லையென்றால் பதிவு அலுவலர் மறுக்கலாம் என்கிறது 20ஆம் பிரிவு.

கிரயப் பத்திரத்தில் பத்தி பிரிக்காமல், தலைப்பு வைக்காமல், மூச்சுவிடாமல் ஒரே வாக்கியமாக ஓட்டும் பழைய நடைக்கு இந்த வெற்றிட பயமும் ஒரு காரணம். பாதி வரி காலியாக இருந்தால் பின்னால் யாராவது அதில் எதையாவது நுழைத்துவிடலாம். எழுதத் தெரியாமல் நீட்டுகிறார்கள் என்று இதைக் கேலி செய்வோர் உண்டு. ஆனால் அந்த நீளத்துக்குள் கண்ணிகள் கோத்தே இருக்கின்றன. இன்னாருக்கு இன்னார் எழுதிக்கொடுத்த சுத்தக் கிரயப் பத்திரம் என்பதோடு ஆட்களின் பகுதி முடியும். ‘என்னவென்றால்’ வந்ததும் மூலம் தொடங்கும்: சொத்து பிதுரார்ஜிதமா, பாகத்தில் வந்ததா, கிரயம் வாங்கியதா, எந்த ஆண்டு, எந்த ஆவண எண். அடுத்துத் தொகை, எண்ணாலும் எழுத்தாலும். பிறகு சுவாதீனம் ஒப்படைத்தது, வில்லங்கம் இல்லை என்ற உறுதி, பட்டா மாற்றிக்கொள்ளச் சம்மதம். ‘இந்தப்படிக்கு’ என்ற சொல்லோடு உடல் முடிந்து, சொத்து விவரம் சொல்லும் தபசில் வரும். தேர்ந்த குமாஸ்தா பக்கம் பக்கமாகப் படிப்பதில்லை, இந்தச் சொற்களில்தான் கண் வைப்பார். தலைப்பு செய்ய வேண்டிய வேலையை இணைப்புச் சொற்கள் செய்துவிடுகின்றன.

படிப்பவர் தனக்கு வேண்டிய பகுதியைத் தேடிப் பிடிக்கும் இதே சிக்கலுக்கு அமெரிக்காவில் ராபர்ட் ஹார்ன் 1960களில் வேறு வழி கண்டார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த அவர், மனம் ஒரே நேரத்தில் ஏழு சொச்சம் செய்திகளைத்தான் பிடித்துவைக்கும் என்று 1956இல் ஜார்ஜ் மில்லர் எழுதியதைத் துணைக்கொண்டு, அலுவலக எழுத்தைச் சிறு கட்டங்களாக உடைத்தார். ஒரு கட்டத்துக்கு ஒரே பொருள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்பு. உள்ளடக்கத்தையும் செய்முறை, நிகழ்முறை, கருத்து, அமைப்பு, விதி, தகவல் என்று ஆறு வகையாகப் பிரித்தார். முறைக்கு இன்ஃபர்மேஷன் மேப்பிங் என்று பெயர் வைத்து, அதே பெயரில் நிறுவனம் தொடங்கி, பெரிய கம்பெனிகளின் ஊழியர்களுக்குப் பயிற்சி விற்றார். தமிழ்நாட்டுப் பத்திர எழுத்துக்கு அப்படி ஒரு நிறுவனர் கிடையாது. மூத்த எழுத்தரிடம் நகல் எடுத்துப் பழகுவதுதான் பயிற்சி. 1982ஆம் ஆண்டின் ஆவண எழுத்தர் உரிம விதிகள்தான் தொழிலுக்கு எழுத்தில் உள்ள வரம்பு. ஹார்ன் வெற்றிடத்தைப் படிப்பவருக்கு உதவியாகப் பார்த்தார், இங்கே அதை மோசடிக்கு இடமாகப் பார்த்தார்கள். இரண்டும் அவரவர் வாசகரை வைத்துப் பார்த்தால் சரியே.

ராசிபுரம் வட்டத்து வெண்ணந்தூர்ப் பக்கம் எழுத்தரின் திறமை தெரிவது தபசிலில்தான். மற்றவை பழகிய பாட்டு. இங்கே எல்லைப் பகுதிக்குச் செக்குபந்தி என்று பெயர். ஏரிக்கு மேற்கு, வண்டித்தடத்துக்கு வடக்கு, ஓடைக்குக் கிழக்கு, கோயில் நிலத்துக்குத் தெற்கு, இதன் மத்தியில் உள்ள புஞ்சை ஹெக்டேர் 0.81.0க்கு ஏக்கர் 2.00 என்று எழுதுவார்கள். ஏரி இருப்பது சொத்தின் கிழக்கே. சொத்து ஏரிக்கு மேற்கே. சோழர் கால ஆவணங்கள் சொன்ன அதே முறை. நகரத்து மாதிரிகளைப் பார்த்துத் தட்டச்சு செய்பவர்கள் ‘கிழக்கில்: ஏரி’ என்று எழுதுகிறார்கள். தனித்தனியே இரண்டும் சரி. பழைய பத்திரத்தைப் பார்த்துப் புதியது போடும்போது ‘ஏரிக்கு மேற்கு’ என்பதை ‘மேற்கில் ஏரி’ என்று மாற்றிவிட்டால் நிலம் ஏரிக்கு அக்கரை போய்விடும். அப்புறம் பிழைத்திருத்தல் பத்திரம், அதற்கு விற்றவரைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து. அவர் காலமாகியிருந்தால் வாரிசுகள் அத்தனை பேரின் கையெழுத்து.

வீட்டுமனை என்றால் கிழமேல் இருபுறமும் 30 அடி, தென்வடல் இருபுறமும் 40 அடி, ஆகச் சதுர அடி 1200 என்று நான்கு பக்கமும் அளவு வரும். பக்கங்கள் சமமில்லாத மனையில் நாலு அளவும் தனித்தனியே சொல்லியாக வேண்டும். சராசரி போட்டு முடிப்பது சோம்பேறித்தனம், வழக்கைக் கூப்பிட்டு உட்காரவைப்பதும் அதுவே. தறி ஓடும் வீடுகளில் கொட்டகை, மின் இணைப்பு எண், பொதுச்சுவர் எல்லாம் சேரும்.

காடு தோட்டம் என்றால் கிணறு. மேட்டு நிலத்தில் கிணற்றில் பாகம் இல்லாத ஏக்கருக்கு மதிப்பே வேறு. இன்ன சர்வே எண்ணில் உள்ள கிணற்றில் பொதுவில் பாதி, மின் மோட்டார், சர்வீஸ் இணைப்பு, தண்ணீர் விட்டுக்கொள்ளும் முறை, பைப்லைன் போகும் வழி, ஆள் மாடு வண்டி போய்வர மாமூல் தடம் என்று ஒவ்வொன்றும் வார்த்தையாக நிற்க வேண்டும். கிணறு பக்கத்துச் சர்வே எண்ணில் இருந்தால் அந்த எண்ணும் தபசிலில் ஏறியாக வேண்டும். ஏறாவிட்டால் அந்த எண்ணுக்கு எடுக்கும் வில்லங்கச் சான்றில் இந்தப் பரிவர்த்தனை தெரியாது. நாளைக்குக் கிணற்றை வாங்க வருபவருக்குப் பாதிப் பங்குக்காரர் இருப்பதே தெரியாமல் போகலாம்.

1979 முதல் 1987 வரை நடந்த, யுடிஆர் எனப்படும் நிலப் பதிவேட்டுத் திருத்தப் பணியில் பட்டாக்கள் புதுப்பிக்கப்பட்டன. அதற்கு முந்தைய பத்திரத்துக்கும் இன்றைய பட்டாவுக்கும் உட்பிரிவு எண் ஒத்துவராத இடங்கள் நிறைய. கவனமுள்ள எழுத்தர் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுகிறார். எண் மாறினாலும் ஏரியும் ஓடையும் இடம் மாறுவதில்லை என்பதால், எண்ணுக்கும் எல்லைக்கும் முரண்பாடு வரும்போது நீதிமன்றங்கள் பெரும்பாலும் எல்லையையே நம்புகின்றன. செக்குபந்தியை அலங்காரமாக நினைத்துப் பழைய பத்திரத்திலிருந்து அப்படியே பெயர்ப்பவர் இதை மறந்துவிடுகிறார். தாத்தா காலத்துப் பத்திரத்தில் பக்கத்து நிலத்துக்காரராக இருந்தவர் பேரப்பிள்ளைகள் காலத்துப் பத்திரத்திலும் பக்கத்து நிலத்துக்காரராகவே உயிரோடு இருப்பார்.

2018இல் பதிவுத்துறையின் ஸ்டார் 2.0 மென்பொருள் வந்ததிலிருந்து பத்திரத்தின் எலும்புக்கூடு கணினிக்குள் போய்விட்டது. விவரங்கள் முதலில் இணையத்தில் ஏறுகின்றன. பதிவுத்துறை மாதிரி ஆவணங்களையும் கொடுக்கிறது. ஆட்கள் விவரம், சர்வே எண், பரப்பு, நான்கு எல்லை எல்லாம் கட்டத்துக்குள் அடங்கிவிடும் செய்திகள். ஹார்ன் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார். நிதி நிட்சேபம் என்று தொடங்கி எட்டு வகை அனுபவ உரிமைகளை அடுக்கும் அஷ்டபோக வரியைப் பலர் இப்போது விட்டுவிடுகிறார்கள், பெரிதாக ஒன்றும் குறையவில்லை. கிணற்று முறையும் தடப் பாத்தியமும் அப்படியல்ல. ஒரு கிணற்றுக்கு நாலு பங்கு, நாலு பங்குக்கும் வேறு வேறு நாள், கோடையில் தண்ணீர் குறைந்தால் முறை எப்படி மாறும் என்பதைக் கட்டம் கேட்பதில்லை. அதை எழுத்தர்தான் கேட்டு வாங்கி, விற்பவரையும் வாங்குபவரையும் கிணற்றடிக்கே கூட்டிப்போய் ஒருதரம் பேசவைத்து, தபசிலின் கடைசியில் வாக்கியமாக எழுதுகிறார்.