கவசத்தின் உள்ளே ஒரு மனிதன்

கவசம் தமிழர்க்குப் புதியதன்று. போர்க்களம் புகும் மறவர் மெய்யைக் காக்க அணிந்த மெய்யுறையைப் பழம்பாடல்கள் பேசுகின்றன. கர்ணனின் கவசமோ அவன் உடலோடு பிறந்ததாகக் கதை. ஆயினும், தொலைக்காட்சியில் தோன்றும் அறிவியல் புனைகதை வீரனின் கவசம் இவற்றினின்றும் வேறானது. அது அம்பையும் வாளையும் தடுக்க வேண்டியதில்லை. காண்பவர் கண்ணுக்கு எஃகாகத் தெரிய வேண்டும். அணிந்தவர் உடலுக்கு ஆடையாக இருக்க வேண்டும். இவ்விரு தேவைகளும் ஒன்றோடொன்று பகைப்பவை. அப்பகையைத் தணிப்பதே உடை வடிவமைப்பாளரின் கலை என்பது என் துணிபு.

என் தலைமுறையினர் இளமையில் கண்டு மகிழ்ந்த ‘கபான்’ இதற்கு நல்லதொரு சான்று. ஜப்பானின் தோயே நிறுவனம் உருவாக்கிய இத்தொடர், 1982 மார்ச்சு முதல் 1983 பிப்ரவரி வரை அந்நாட்டில் 44 பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. பின்னர் அது மலேசியாவிற்கும் வந்தது. தோட்டத்தில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீட்டின் வாசலில் பத்துப் பதினைந்து பேராக நின்று அதைப் பார்த்த சிறுவர்களுள் நானும் ஒருவன். அதற்கு முன்பு வந்த ஜப்பானியத் தொலைக்காட்சி வீரர்கள் பெரும்பாலும் தோலும் துணியுமான உடைகளையே அணிந்திருந்தனர். விளையாட்டுப் பொருள்கள் செய்யும் பண்டாய் குழுமத்தைச் சேர்ந்த கட்சுஷி முரகாமி வடிவமைத்த கபானின் உடையோ, தலை முதல் கால் வரை வெள்ளியாய் ஒளிர்ந்தது. உலோக வீரர்கள் வரிசை என்று பின்னாளில் பெயர் பெற்ற தொடர்களுக்கு அதுவே முதலாயிற்று.

கதைப்படி, வானூர்தியிலிருந்து பாய்ந்து வரும் உலோகத் துகள்கள் வீரனின் உடலிற் படிந்து 0.05 நொடியிற் கவசமாகிவிடும். அந்த மாற்றத்திற்கு இட்ட பெயர் ‘ஜோச்சாக்கு’. அது மந்திரச் சொல்லன்று. உலோகத்தை ஆவியாக்கி ஒரு பொருளின் மேல் மெல்லிய படலமாகப் படியச் செய்யும் தொழில்முறைக்கு ஜப்பானிய மொழியில் வழங்கும் பெயர். கண்ணிமைக்கும் முன்னே மாற்றம் முடிந்துவிடுவதால், பின்னணிக் குரல் ஒன்று அதன் செயல்முறையை மீண்டும் காண்போம் என்று அழைத்து, நிகழ்ந்ததை மெதுவாகக் காட்டி விளக்கும். விரைந்து கடந்துவிட்ட ஒன்றை நிறுத்தி, மீட்டுக் காட்டி விளங்க வைப்பது ஆசிரியர் தொழிலன்றோ? பின்னாளில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிற் பயின்றபோது அக்குரலைப் பன்முறை நினைத்துக்கொண்டேன்.

கதையில் 0.05 நொடி, மெய்வாழ்விலோ அத்தகைய உடையை அணிவதற்குப் பிறர் துணை வேண்டும். மார்பு, தோள், கணைக்கால் ஆகிய இடங்களிற் கெட்டியான தகடுகளை வைக்கலாம். முழங்கையும் முழங்காலும் மடங்க வேண்டியவை. அங்கே வளையும் பொருளைத்தான் இட வேண்டும். ஆதலின் இத்தகைய தொடர்களில் ஒரே வீரனுக்கு இருவகை உடைகள் செய்வது வழக்கம். அருகிலிருந்து படம் பிடிப்பதற்குப் பளபளப்பான கெட்டி உடை. குதிப்பதற்கும் விழுவதற்கும் மென்மையான உடை. கண்ணாடிபோல் மின்னும் மார்புத் தகட்டில் விளக்குகளும் படப்பிடிப்புக் குழுவினரும் தெரிந்துவிடுவர் என்பதால், யார் எங்கே நிற்பது என்பதையும் அந்த உடையே முடிவு செய்துவிடும். தலைக்கவசத்தினுள் பார்வை குறுகும், மூச்சுக் காற்று பட்டு முகத்திரை மங்கும், வியர்வை பெருகும். முகம் காட்டும் நடிகர் ஒருவராகவும், முகம் மூடிச் சண்டையிடுபவர் வேறொருவராகவும் இருப்பதுண்டு. நாம் கைதட்டியபோது உள்ளே வெந்துகொண்டிருந்தவரின் பெயர் நமக்குத் தெரியாது.

இவற்றை நான் ஆழ்ந்து எண்ணுவதற்கு எங்கள் பள்ளியில் நிகழ்ந்த ஒன்று காரணமாயிற்று. அறிவியல் விழாவிற்காக மாணவர்கள் ஒரு குறுநாடகத்தை ஒளிப்பதிவு செய்ய முனைந்தனர். செவ்வாய்க் கோளிலிருந்து வரும் கவச வீரன் அதன் தலைவன். அட்டைப் பெட்டி, மைலோ டின், அலுமினியத் தாள் ஆகியவற்றைக் கொண்டு அவர்களே உடையைச் செய்தனர். பார்வைக்கு அது மிக நன்றாக இருந்தது. அதனை அணிந்த ஆறாம் ஆண்டு மாணவனோ, சிறிது நேரத்திற்கெல்லாம் வியர்த்து, முகம் சிவந்து, சுவரிற் சாய்ந்துவிட்டான். மெலிந்த உடல், ஆனால், வசனம் முழுவதையும் பிழையின்றி ஒப்புவிக்கக் கூடியவன் அவன் ஒருவனே. “ஐயா, வேறு யாராவது பெரிய பையனுக்கு இந்த உடையைக் கொடுத்துவிடலாமா?” என்று மற்ற மாணவர்கள் கேட்டனர். அவன் தலை குனிந்து நின்றான்.

அன்று மாலை அவனை அழைத்துச் செல்ல வந்த தாயார் தையல் தொழில் செய்பவர். உடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஐயா, இதைப் போட்டுக்கிட்டா பிள்ளை எப்படித் தண்ணி குடிப்பான்?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். நிறத்தைப் பற்றியும் விளக்குகளைப் பற்றியும் ஒரு வாரமாகப் பேசியிருந்த மாணவர் எவருக்கும் அக்கேள்வி தோன்றவில்லை. அவர் உடையை வீட்டிற்கு எடுத்துச் சென்றார். மகிழுந்தின் கண்ணாடியில் வெயிலை மறைக்க வைக்கும் வெள்ளி விரிப்பை வெட்டி முழங்கைக்கும் முழங்காலுக்கும் தைத்தார். முதுகுப் பக்கத்து அட்டையை நீக்கி வலைத் துணி வைத்தார். வாய்ப்பகுதியைத் திறந்து மூடுமாறு அமைத்தார். முதுகைக் காட்டாமல் நடிக்க வேண்டும் என்பதே அவர் இட்ட ஒரே விதி. மறுநாள் முற்பகல் முழுவதும் அச்சிறுவன் அவ்வுடையில் ஓடினான், மண்டியிட்டான், இடையிடையே தண்ணீர் குடித்தான். வசனத்தில் ஒரு சொல்லும் பிசகவில்லை.

முரகாமியின் பெயரை அறியாத அத்தாய், அவர் தொழிலின் அடிப்படையை அறிந்திருந்தார். உடைக்கேற்ற பிள்ளையைத் தேடுவது எளிது. பிள்ளைக்கேற்ற உடையைத் தைப்பதற்கே அறிவும் அன்பும் வேண்டும். பாடத்திட்டம், தேர்வு, போட்டி என்று பிள்ளைகளுக்கு நாள்தோறும் ஏதேனும் ஒரு கவசத்தை மாட்டிவிடும் நாம், மாட்டுவதற்கு முன் அத்தாயின் கேள்வியைக் கேட்டுக்கொள்வது நன்று. எங்கள் ஒளிப்பதிவின் இறுதியில் நடித்தவர் பெயர்களை மாணவர்கள் எழுதினர். அவற்றிற்கு மேலே, முதல் வரியாக, ‘உடை’ என்று தலைப்பிட்டு அந்தத் தாயின் பெயரை அவர்களே எழுதியிருந்தனர்.