தலைக்கட்டு வரிக்கு ஒரு மடல்

அன்புள்ள தலைக்கட்டு வரியே,

விருத்தாசலத்திலிருந்து எழுதுகிறேன். திருவிழா வந்தால் வீட்டுக்கு இவ்வளவு என்று நோட்டுப் போட்டு உன்னை வசூலிப்பார்கள். பந்தல், மேளம், கஞ்சிச் செலவோடு ஜமா எனப்படும் கூத்துக் குழுவுக்கு வெற்றிலை பாக்கு வைப்பதும் உன்னிடமிருந்துதான். நாடகத்துக்குக் கைகொடுக்க 1953இல் தில்லியில் சங்கீத நாடக அகாதமி வந்தது. 1993இல் பெங்களூரில் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் வந்தது. இரண்டுக்கும் நன்றி உண்டு. விண்ணப்பப் படிவம் கேட்காமல் கொடுத்தவள் நீ என்பதால் மடல் உனக்கு.

தலைக்கட்டு வரியே, திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தை எங்களுக்குத் தந்தாய். சூதாட்ட இரவில் தருமர் நாட்டை வைத்துத் தோற்பார், தம்பிமாரை வைத்துத் தோற்பார். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் குறுக்கே புகுந்து மாதத் தவணை, நகைக்கடன், ஆடித் தள்ளுபடி எல்லாவற்றையும் சபைக்கு இழுப்பான். சிரிக்கிற கூட்டத்தில் தவணை கட்டுகிறவர்களும் உண்டு, தவணைக்கு விற்கிற கடைக்காரரும் உண்டு. அவர் வீட்டு வரியும் அடுத்த வீட்டு வரியும் ஒரே தொகை. அதனால்தான் கட்டியங்காரன் வாயை யாராலும் விலைக்கு வாங்க முடியவில்லை. நீ செய்த உதவிகளில் இதையே நான் பெரிதாக எண்ணுகிறேன்.

தலைக்கட்டு வரியே, நீ சிறிய தொகையாக இருந்ததும் நல்லதாயிற்று. ஜமா எதையும் வீசி எறியவில்லை. கிரீடமும் புஜக்கட்டையும் மார்புக்கட்டையும் மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்தவை. சில்லு உதிர்ந்தால் திரும்ப ஒட்டி, அப்பனுக்குப் பிறகு மகன் கட்டிக்கொள்கிறான். துரியோதனன் மடியும் படுகளத்தன்று அவனை மண்ணால் பிடித்துத் தரையில் கிடத்துவார்கள். அடுத்த மழையில் அவன் தரையோடு தரை. செராமிக் தொழிற்பேட்டை உள்ள விருத்தாசலத்துக்காரனுக்கு இது சாதாரண விஷயமாகத் தோன்றாது. எங்கள் கொலு பொம்மையும் பீங்கான் ஃபியூஸ் கட்டையும் ஆயிரம் டிகிரிக்கு மேல் வெந்தவை. உடைந்தால் மறுபடி களிமண் ஆகாது. (எங்களுக்குச் சோறு போடுவதும் அந்தச் சூளைதான், அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.)

தலைக்கட்டு வரியே, இவ்வளவு வாங்கிக்கொண்ட உரிமையில் ஒன்று கேட்கிறேன். சேரி வாசலில் நீ நிற்காத ஊர்கள் எத்தனை! ஏழைகள், பாவம் என்று விட்டுவிட்டதாகச் சொல்வார்கள். வரி வாங்கினால் தேரிலும் கூத்திலும் பங்கு கொடுக்க வேண்டிவரும், அதுதான் காரணம். ஆண் இல்லாத வீட்டைத் தலைக்கட்டாக எண்ணத் தயங்குகிற ஊர்களும் இருக்கின்றன.

இந்த மடலை ஒட்டுக்கேட்ட ஊர்ப் பெரியவர்களே, அடுத்த திருவிழாவுக்கு நோட்டை எடுத்துக்கொண்டு எல்லாத் தெருவுக்கும் போங்கள். ஜமாவுக்குப் பேசிய பணத்தைப் பாக்கி வைக்காமல், விடிந்ததும் அரிதாரம் கலைப்பதற்குள் கையில் கொடுத்துவிடுங்கள்.