ஓரிரவு மலர்

மலர்களிற் பெரும்பாலானவை சூரியோதயத்தை எதிர்பார்த்திருக்க, சில மட்டும் ஊர் உறங்கிய பிறகே கண் விழிக்கின்றன. நம் வீட்டு மாடிகளில் தொட்டியில் வளரும் 'பிரம்ம கமலம்' அத்தகையது. 'நிசாகந்தி' என்றும் இதற்கு ஒரு பெயர் உண்டு. பெயர்தான் நம்முடையது, பிறப்பு நம்முடையதன்று. மெக்ஸிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் மரக்கிளைகளைப் பற்றி வளரும் கள்ளி இனம் இது. ஹாவொர்த் என்ற ஆங்கிலேயர் 1829-இல் இதற்கு 'எபிஃபில்லம் ஆக்ஸிபெட்டலம்' என்ற சாஸ்திரப் பெயரை வழங்கினார். நாம் இலை என்று நினைப்பது உண்மையில் தட்டையான தண்டேயாகும். அசல் பிரம்ம கமலமோ நம் இமயமலைச் சரிவுகளில் பூக்கும் வேறொரு செடி. உத்தராகண்ட மாநிலத்தின் மலர் என்னும் பெருமை அதற்கே உரியது. அயல்நாட்டுச் செடிக்கு அப்பெயரைச் சூட்டி, வீட்டுப் பெண்ணாக்கிக் கொண்டது நம்மவர் விருந்தோம்பல் போலும்!

தொங்கிக்கொண்டிருக்கும் மொட்டு காம்பை வளைத்து நிமிர்ந்துவிட்டால் நாள் நெருங்கிவிட்டது என்று அறியலாம். இரவு 8 அல்லது 9 மணிக்கு இதழ் நெகிழும். நள்ளிரவையொட்டி முற்றும் விரியும். விடிவதற்குள் தலை கவிழ்ந்துவிடும்.

நம் நண்பர் ஒருவருடைய தாயார், ஒரு துண்டுத் தண்டை நட்டுப் பல வருஷங்கள் வளர்த்த செடி இவ்வாண்டு முதன்முதலாக மொட்டு விட்டது. அதற்குள் அந்த அம்மையார் மாடிப்படி ஏற இயலாதவராகிவிட்டார். அவருக்குப் படத்திலாவது காட்டவேண்டுமென்று நண்பர் புதுக் காமிராவுடன் முனைந்தார், நாமும் உடனிருந்தோம்.

எல்லாவற்றையும் காமிராவே பார்த்துக்கொள்ளும் என்று விட்டு எடுத்த முதற் படத்தைக் கீழே கொண்டுபோய்க் காட்டினார். "என்னடா அப்பா, வெள்ளைத் துணியை உதறினாற்போல் இருக்கிறது! இதழ் எங்கே?" என்றார் அம்மையார்.

அவர் கேட்டது நியாயமே. காமிராவின் ஒளிமானி, காணும் காட்சி முழுவதும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று பாவித்து அளக்கிறது. சுற்றிலும் இருள் சூழ்ந்திருந்தமையால் வெளிச்சம் போதாதென்று கருதி அதிக ஒளியை உள்ளே விட, வெண்மலரின் நரம்புகளெல்லாம் மறைந்தொழிந்தன. நண்பர் 2 படி குறைத்தார். அதாவது கால் பங்கு ஒளி. இதழ்கள் உயிர்பெற்றன. ஆனால் லென்ஸின் துவாரம் 'எஃப் 2.8' என்று அகலத் திறந்திருந்தபடியால், கேசரங்கள் மட்டும் தெளிந்து, பின்னிதழ்கள் மங்கின. துவாரத்தை 'எஃப் 8' ஆகச் சுருக்கினார். ஒளி எட்டில் ஒன்றாகிவிடவே, 1/8 விநாடி திறந்த ஷட்டர் 1 விநாடி திறக்கவேண்டியதாயிற்று. அந்த ஒரு விநாடியில் மாடிக்காற்று மலரை அசைத்துவிட்டது!

மணியோ பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. இன்னும் சில மணி நேரத்தில் மலர் சோர்ந்துவிடும். பிறகு காம்புக்கு ஒரு குச்சியை முட்டுக்கொடுத்துக் கட்டினோம். ஐ.எஸ்.ஓ. என்னும் ஒளியுணர்வை 100-லிருந்து 400-க்கு உயர்த்த, 1/4 விநாடியே போதுமானதாயிற்று. காமிராவை முக்காலியில் நிறுத்தி, கை படாமல் தானே இயங்கும்படி செய்தார் நண்பர். விளக்கொளியின் மஞ்சளைத் தணிக்க நிறச் சமன்பாட்டையும் மாற்றினார். இம்முறை அம்மையார் படத்தை வெகு நேரம் பார்த்தார். "உள்ளே நக்ஷத்திரம் மாதிரி ஒன்று இருக்கிறதே!" என்று சூல்முடியைச் சுட்டிக்காட்டினார். மேலே நின்றிருந்த நாம் அதுவரை அதைக் கவனிக்கவே இல்லை.

யந்திரம் ஒளியை அளக்கும். எது வெண்மை, எது இருள் என்று தீர்மானிப்பது மனிதன் கடமை. ஆகவே இம்மலரைப் படம் பிடிக்க விரும்பும் அன்பர்கள், மொட்டு நிமிருமுன்பே ஓரிரவு, ஒரு வெள்ளைக் கைக்குட்டையைக் கசக்கி இருட்டில் வைத்து எடுத்துப் பழகிக்கொள்வார்களாக. அதன் மடிப்புகள் படத்தில் தெரிந்தால் மலரின் இதழ்களும் தெரியும். கைக்குட்டை மறுநாளும் கிடைக்கும். அந்த மலர் கிடைக்காது.