கால் மிதிக்கும் சுருதி

கால் ஆர்மோனியம் என்பது காலால் துருத்தியை மிதித்து, இரண்டு கைகளாலும் வாசிக்கும் காற்றுக் கருவி. தமிழ்நாட்டிலும் கன்னட நாட்டிலும் கம்பெனி நாடகங்களில் நடிகருக்குச் சுருதி கொடுத்தது இதுதான். ஊமைப்படக் காலத்தில் அமெரிக்க, ஐரோப்பியத் திரையரங்குகளில் பெரிய குழல் ஆர்கன் செய்த வேலையை, இங்கே நாடகக் கொட்டகையில் ஒரு மேசை அளவுப் பெட்டி செய்தது. அங்கே வாசிப்பவர் பேசாத படத்தைப் பார்த்து வாசித்தார். இங்கே வாசிப்பவர் எதிரே நின்று பாடும் ஆளைக் கேட்டு வாசித்தார். இந்தக் கருவியைப் பயிலும் முறை முழுவதும் அந்தக் கேட்டலைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

ஆர்மோனியத்துக்குக் காப்புரிமை பெற்றவர் பாரிஸைச் சேர்ந்த அலெக்ஸாந்தர் தெபான், ஆண்டு 1840. ஐரோப்பியரோடு இந்தியாவுக்கு வந்த பெட்டிகள் காலால் மிதிப்பவை. 1875 வாக்கில் கல்கத்தாவின் துவாரகாநாத் கோஷ், தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தி போடும்படி அதைச் சுருக்கினார். வீட்டுக்கும் பஜனைக்கும் கைப்பெட்டி போதுமானதாக இருந்தது. நாடகக்காரர்கள் கால் பெட்டியை விடவில்லை. அதில் இரண்டு கைகளுக்கும் வேலை உண்டு. நாற்காலியில் அமர்ந்து வாசிப்பதால் நடிகரின் முகமும் கண்ணில் படும்.

தமிழில் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்த இசை நாடகங்களில் பெட்டிக்காரர் வாசிப்பதோடு பின்பாட்டும் பாடினார். கன்னடத்தில் 1884-இல் தொடங்கிய குப்பி நாடகக் கம்பெனி, பின்னாளில் குப்பி வீரண்ணாவின் (1891–1972) தலைமையில் ஊர் ஊராகச் சென்று புகழ்பெற்றது. ஒலிபெருக்கி வராத அந்த நாளில் கடைசி வரிசைக்கும் குரல் எட்ட வேண்டும் என்பதற்காக நடிகர்கள் உச்சச் சுருதியில் பாடினார்கள். நாடக நடிகர் எஸ். ஜி. கிட்டப்பாவின் (1906–1933) புகழ் அந்த உச்சத்தில் நின்றது.

கட்டுரையாளர் இந்தக் கருவியைப் பயின்ற மல்லேஸ்வரம், 1898-இல் பெங்களூரைத் தாக்கிய பிளேக் நோய்க்குப் பின் விரிவடைந்த பேட்டை. காடு மல்லேஸ்வரர் கோயிலும் சம்பிகே சாலையும் எட்டாவது கிராஸும் அதன் அடையாளங்கள். தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழும் இடம் இது. இதை ஒட்டிய வயாலிகாவலில் 1980-இல் வயலின் வடிவில் கட்டப்பட்ட சௌடய்யா நினைவு மண்டபம் நிற்கிறது. தி. சௌடய்யா (1895–1967) வயலினுக்கு ஏழு தந்திகள் பூட்டியதற்குக் காரணமும் கடைசி வரிசைதான். மைக் இல்லாத சபையில் நாதம் நிறைய வேண்டும் என்ற அதே தேவை நாடக நடிகரின் குரலை ஏற்றியது. கச்சேரி வயலினில் தந்தியைக் கூட்டியது.

அங்கே கட்டுரையாளர் பயின்ற பெட்டி மூன்றரை ஸ்தாயி, 42 கட்டைகள், இரட்டை ரீடு கொண்டது. கற்றுக் கொடுத்தவர் கம்பெனி நாடகங்களுக்கு வாசித்துப் பழகிய முதியவர். கன்னடத்தில் இத்தகையவரை 'மேஷ்ட்ரு' என்று அழைப்பார்கள். தமிழ் நாடக உலகின் 'வாத்தியார்' போல.

பாடம் காலில் தொடங்குகிறது. முதல் மூன்று வாரம் விரலுக்கு வேலை இல்லை. ஸட்ஜத்தை மட்டும் அமுக்கியபடி இரண்டு மிதிகளையும் மாறி மாறி மிதித்து, நாதம் ஏறி இறங்காமல் நிறுத்த வேண்டும். இங்கேதான் சங்கீதம் பழகியவர் தடுமாறுகிறார். தாளம் போட்டுப் பழகிய கால் ஆதி தாளத்துக்கு மிதிக்கத் தொடங்கிவிடும். உடனே ஒவ்வொரு தட்டிலும் நாதம் வீங்கி வற்றும். கால் தாளத்தை மறந்து, மூச்சு விடுவதைப் போலத் தன்போக்கில் நடக்க வேண்டும். அது கைவந்த பிறகு, மிதியின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து நாதத்தைப் பெருக்கவும் தாழ்த்தவும் பழகுகிறார்கள்.

அடுத்தது கட்டை. மேற்கத்திய முறையில் சி எனப்படும் சுரம் ஒரு கட்டை. டி இரண்டு, ஈ மூன்று, எஃப் நான்கு, ஜி ஐந்து, ஏ ஆறு. இடையில் வரும் கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை என்று எண்ணப்படும். ஒரு நடிகர் ஐந்து கட்டையில் பாடுவார், அடுத்து வருபவர் ஒன்றரையில் பாடுவார். ஆகவே ஒரே பாட்டை எந்தக் கட்டையை ஸட்ஜமாக வைத்தாலும் வாசிக்கும்படி விரல் பழக வேண்டும். ஸட்ஜம் நகரும்போதெல்லாம் வெள்ளையும் கறுப்பும் இடம் மாறும். பயிற்சியில் அதிக மாதங்களை விழுங்குவது இதுவே.

கமகம் கடினமான பகுதி. கட்டை என்பது ஒரே இடத்தில் நிற்கும் சுரம்; அதை இழுக்கவும் அசைக்கவும் முடியாது. தோடி ராகத்தின் காந்தாரம் அசைந்தால்தான் தோடி. அதனால் வாசிப்பவர் பக்கத்துச் சுரங்களை நொடியில் தொட்டு விலகி, அசைவு போன்ற தோற்றத்தை உண்டாக்குகிறார். சமன்செய்த சுருதியில் அந்தர காந்தாரமும் இயற்கை இடத்தைவிடச் சுமார் 14 சென்ட் உயர்ந்து நிற்கிறது. காது பழகியவர் அந்தச் சுரத்தில் நீண்டு நிற்காமல் கடந்துவிடுவார்.

கடைசிப் பாடம் நடிகர். வசனம் முடியும் இடத்தை உணர்ந்து, அவர் வாய் திறக்கும் முன்பே சுருதி காதில் விழச் செய்ய வேண்டும். அவர் மூச்சு வாங்கும் இடைவெளியைச் சிறு சுரக்கோவையால் நிரப்ப வேண்டும். பாடியவர் சுருதி விலகினால், ஸட்ஜத்தைச் சற்று அழுத்தி வைத்து, சபைக்குத் தெரியாமல் அழைத்து வர வேண்டும்.

கருவி நிலைப்பது பழுது பார்ப்பவரின் கையில். பெட்டியின் உயிர் பித்தளை ரீடு. குஜராத்தின் பாலிதானா ரீடு செய்வதில் பெயர் பெற்ற ஊர். ரீடின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும். அடியைச் சுரண்டினால் இறங்கும். சுரண்டிய உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால் ஒவ்வொரு கீறலுக்கும் பின் காதால் சோதிக்கிறார்கள். மழைக்காலத்தில் மரம் உப்பிக் கட்டை இறுகும். ரீடில் தூசி சேர்ந்தால் சுரம் ஊமையாகும். துருத்தித் தோல் கிழிந்தால் காற்று ஒழுகும். இவற்றைக் கேட்டே கண்டுபிடிக்கும் கைவினைஞர்கள் குறைந்து வருகிறார்கள். அவர்கள் இல்லாமல் ஒரு பெட்டியும் அடுத்த தலைமுறையை எட்டாது.

1940 மார்ச் 1 முதல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தது. கமகத்துக்கும் நுண்சுருதிக்கும் ஒவ்வாதது என்பது குற்றச்சாட்டு. 1971-இல்தான் தடை தளர்ந்தது. தடைக்கு முன்பே பேசும்படம் வந்துவிட்டது: தமிழில் 1931-இல் 'காளிதாஸ்', கன்னடத்தில் 1934-இல் 'சதி சுலோசனா'. கம்பெனிகள் மெல்லக் கலைந்தன. ஆனாலும் மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளின் ஸ்பெஷல் நாடகங்களில் ஆர்மோனியம் இன்னும் ஒலிக்கிறது. மண்டியா, துமகூரு கிராமங்களில் உழவர்கள் குருக்ஷேத்திர நாடகம் போட, ஆர்மோனிய மேஷ்ட்ருக்கள் மாதக்கணக்கில் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

பெட்டி பின்வாங்கிய இடங்களிலும் அதன் அளவுகோல் தங்கிவிட்டது. மல்லேஸ்வரத்துத் தமிழ் வீட்டில் பாட்டு கற்கும் குழந்தை மின்சாரத் தம்பூராவைத் திருகி வைப்பது ஐந்தரைக் கட்டைக்கு. கச்சேரிக்கு முன் வயலின்காரர் பாடகரிடம் கேட்பது, எத்தனை கட்டை என்று.