முதலில் கேட்டவருக்கு மட்டும்



மதரஸாவின் தேர்வு மதிப்பெண்களைப் பென்டிரைவில் பதிந்துவிட்டு, உடனே அதைப் பிடுங்கி எடுத்தோம். வேறொரு கணினியில் திறந்தபோது கோப்பு வெறுமையாக இருந்தது. "பதிந்துவிட்டதாகத்தானே காட்டியது!" என்று, மென்பொருள் துறையில் பணிபுரியும் நம் பழைய மாணவரிடம் முறையிட்டோம்.

"எழுதும் தரவு முதலில் கணினியின் நினைவகத்தில்தான் தங்கும், உஸ்தாத். சற்றுக் கழித்தே சாதனத்துக்குப் போகும். அதற்குள் கழற்றினால் போய்ச் சேராது" என்றார். தொடர்ந்து, லினக்ஸ் கர்னலில் நெடுங்காலம் இருந்த ஒரு பிழையைப் பற்றியும் சொன்னார்.

ஒரே கோப்பைப் பல நிரல்கள் திறந்து வைத்திருக்கலாம். சாதனம் கழன்றதால் எழுத முடியாமற்போனால், கர்னல் அதற்கு ஓர் அடையாளம் இட்டு வைக்கும். "என் தரவு சேர்ந்ததா?" என்று முதலில் கேட்கும் நிரலுக்கு "இல்லை" என்ற உண்மை கிடைக்கும். அந்தப் பதிலோடு அடையாளமும் அழிந்துவிடும். அடுத்துக் கேட்பவருக்கோ, "எல்லாம் நலம்" என்ற பதில்! 2017இல் வெளியான 4.13ஆம் பதிப்பில் இதைத் திருத்தினர். பிழைக்கு ஒரு வரிசை எண் இட்டு, ஒவ்வொரு நிரலும் கேட்கும்போது, அது கடைசியாக அறிந்த எண்ணோடு கர்னல் ஒப்பிடுமாறு செய்தனர். எனவே கேட்கும் ஒவ்வொருவருக்கும் உண்மை போய்ச் சேரும்.

இதைக் கேட்டதும் நம் உள்ளம் உறுத்தியது. சில வாரங்களுக்கு முன் பாகப்பிரிவினைப் பாடத்தில், பிள்ளையின்றி இறந்தவரின் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு என்று பலகையில் எழுதிவிட்டோம். நான்கில் ஒரு பங்கு என்பதே சரி. அந்நிஸா அத்தியாயத்தின் 12ஆம் வசனத்தில் தெளிவாக உள்ள சட்டம். ஒரு மாணவர் மட்டும் தனியே வந்து கேட்டார். அவருக்குத் திருத்திச் சொன்னோம். அத்தோடு கடமை முடிந்தது என்று இருந்துவிட்டோம். மற்றவர்களின் ஏடுகளில் தவறு அப்படியே கிடந்தது. நாளை அவர்களில் ஒருவர் இமாமாகி, ஒரு விதவையின் பங்கைப் பாதியாகக் குறைத்துச் சொன்னால், அல்லாஹ்விடம் பதில் சொல்வது யார்?

ஹதீஸ் கலை அறிஞர்கள் அறிவிப்பாளர்களின் குறைகளை வெளிப்படையாகவே சொன்னார்கள். அதைப் புறம் பேசுதலாகக் கருதவில்லை. அவர்களை நம்பி மார்க்கத்தைப் பெறுவோர் அனைவரும் அறிய வேண்டிய செய்தி அது. பிறர் குறைக்கே அப்படியென்றால், நம் குறையை நாமே சொல்ல என்ன தயக்கம்?

மதிப்பெண்களை விடைத்தாள்களிலிருந்து மீண்டும் பதிந்துகொண்டோம். மறுநாள் வகுப்பின் முன் நின்று, "தவறாகக் கற்பித்துவிட்டோம்" என்று சொல்லி, ஏடுகளைத் திறக்கச் செய்து திருத்தினோம். அன்று வராத இருவரின் பெயர்களையும் குறித்து வைத்திருக்கிறோம்.

தவறை ஒப்புக்கொள்ளும் துணிவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.